கத்திக்கு வைத்த பொட்டு

துளசியைக் கையில் வாங்கிக்கொண்டே எதற்கென்பதுபோல் பார்த்தாள் ஜெயசுதா.

"கல்லங்குறிச்சிப் பெருமாள் பிரசாதம்மா. சனிக்கிழமை நம்ம மிஷினுக்குப் பூசை போட்டுட்டோம்" என்றார் அய்யாக்கண்ணு. உடையார்பாளையத்திலிருந்து மகள் தென்றலோடு ஜெயசுதாவின் ஆபீசுக்குப் பஸ் பிடித்து வந்திருந்தார்.

"மிஷினையே கோயிலுக்குக் கொண்டு போனீங்களா?"

"பின்னே? எங்க வூட்ல புதுசா எது வந்தாலும் மொதல்ல பெருமாளுக்குக் காட்டிட்டுத்தான் மத்ததெல்லாம். டிராக்டர்ல ஏத்திட்டுப் போனோம்."

தென்றல் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் மோட்டார் வாங்க கோயம்புத்தூர் போன நேரமா பாத்து... யாருக்கும் காட்டக்கூடாதுன்னு சொன்னேன்ல!"

"பெருமாளுக்குத்தானடி காட்டுனேன். அவரு யாருகிட்ட போயி சொல்லப் போறாரு?"

ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னையில் மருந்துக் கம்பெனிகளுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த வக்கீல் அவள், புதுத் தொழில்கள் இந்தப் பக்கமும் முளைக்கும் என்று நம்பிப் பெரம்பலூரில் பலகை மாட்டினாள். முதல் வருடம் வந்தவர்கள் எல்லோரும் பட்டா மாற்றத்தான் கேட்டார்கள். பிறகுதான் மருந்து தெளிக்கும் ட்ரோனோடு தர்மராஜ் வந்தான். விண்ணப்பம் போடுமுன்பே ஏதோ ஒரு விழாவில் மூடியைக் கழற்றி எல்லோருக்கும் விளக்கிவிட்டான். ஊர் பார்த்துவிட்ட பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. இன்றைக்கு அவன் யோசனையை எவனெவனோ விற்கிறான். அவன் இன்னொருவன் கடையில் ட்ரோன் பழுது பார்க்கிறான். அந்த முகம் நினைவுக்கு வந்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

தென்றல் உருவாக்கிய மிஷின், பருப்பு நொறுங்காமல் முந்திரிக்கொட்டையை உடைக்கும். உயிரே அந்தக் கத்தியின் வளைவில்தான். அதன் உரிமையை வாங்கி மிஷின் செய்ய வெளியூர்க் கம்பெனி ஒன்று பேசிக்கொண்டிருந்தது. உரிமை இல்லையென்றால் அவர்கள் எதற்கு வாங்க வேண்டும்? பார்த்துச் செய்துகொள்ளலாமே.

"மூடி போட்டுத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள் ஜெயசுதா.

"மிஷினோட நெஞ்சுக்குப் பொட்டு வைக்காம என்னம்மா பூசை? தொறந்துதான் வச்சோம். நம்ம மாப்ள ராஜேஷு பேஸ்புக்ல போட்டிருக்காப்ல. ஏகப்பட்ட லைக்கு!"

தென்றல் போனில் வீடியோவைத் தேடி எடுத்தாள். மாலை, கற்பூரம், கூட்டம். பிறகு கேமரா மெல்லக் குனிந்து உள்ளே போயிற்று. கத்தி முழுசாகத் தெரிந்தது. வளைவின் நட்டநடுவில் சந்தனம், குங்குமம்.

"அழிக்கச் சொல்லிடலாம் மேடம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் தென்றல்.

ஜெயசுதாவுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. அதற்குள் தென்றலின் போன் அடித்தது. கம்பெனிக்காரர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வீடியோ பாத்தோம்மா. கத்தி ரொம்ப நல்லா வந்திருக்கு. எங்க டிசைன் ஆளுங்களுக்கும் அனுப்பியிருக்கேன். விண்ணப்பம் போட்டாச்சுல்ல?"

ஜெயசுதா வாயில் விரல் வைத்துக் காட்டினாள். "வக்கீல் பேசுவாங்க சார்" என்று தென்றல் போனை வைத்தாள்.

"கத்தி போயிடுச்சு, தென்றல்" என்றாள் ஜெயசுதா. "பூசையை மறைச்சுக் கத்தியை எழுதுனா பின்னாடி இந்த வீடியோவைக் காட்டியே எல்லாத்தையும் ஒடைச்சிடுவாங்க. வீடியோவுல தெரியாதது என்ன இருக்கு?"

தென்றல் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "கொட்டை பெருசா சிறுசான்னு பாத்துக் கத்தி தானா வெலகும். அதுக்கான ஸ்பிரிங்கு அடியில, தகட்டுக்குள்ள இருக்கு."

"அந்தத் தகட்டைக் கழட்டுனீங்களா?"

அய்யாக்கண்ணுவின் முகத்தில் இப்போதுதான் பயம் ஏறியது. "நான் கழட்டலம்மா. மாப்ளைய வேணா கேளு."

ராஜேஷுக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தகடா? ஸ்பேனர் எடுத்துட்டுப் போகலையே மாமா. ஏன், எதும் தப்பாயிடுச்சா?"

ஜெயசுதா அதற்குள் கம்ப்யூட்டரைத் திறந்திருந்தாள். டிசைன் ஆட்கள் கத்தியைப் பார்த்தால் அடுத்து அந்த ஸ்பிரிங்கைத்தான் யோசிப்பார்கள். தென்றல் சொல்லச் சொல்ல, கத்தியை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் எழுதினாள். இரண்டு முறை இணையம் அறுந்தது. பொழுது சாயும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"இனிமே பயமில்லையேம்மா?" என்றார் அய்யாக்கண்ணு.

"நமக்கு முந்தி அந்தக் கம்பெனிக்காரங்க போட்டிருந்தா?" என்று கேட்ட தென்றலைத்தான் ஜெயசுதா பார்த்தாள்.

"தெரியாது" என்றாள். "யாரு போட்ட விண்ணப்பமும் வெளியில தெரிய மாசக்கணக்காகும். அதுவரைக்கும் பயந்துகிட்டுத்தான் இருக்கணும், நானும் சேந்து."