குழையல்

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் குழையல். கிழமை முழுக்க மிஞ்சின கறிகளை ஒரே சட்டியில் கொட்டி, சோற்றோடு பிசைந்து, சுற்றியிருக்கிறவர்களின் கையில் உருண்டை உருண்டையாக வைப்பது. லண்டன் நோர்பரியில் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிசைகிற வேலை என்னுடையது. வயதில் மூத்தவன் நான். அன்றைக்கும் பிசைந்து முதல் உருண்டையை நீட்டினேன். ஒரு கையும் வரவில்லை. "எனக்குப் பசியில்லை" என்று ஸ்ரீஸ்கந்தராஜா எழும்பினான். மற்றவர்களும் எழும்பினார்கள். முன்னறையில் யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

நாங்கள் எல்லோரும் ஒரே பேக்கரியில் வேலை. அங்கே ஸ்ரீஸ்கந்தராஜா, எங்களுக்கு ஸ்ரீ, சூப்பர்வைசர். எங்களுக்கு வேலை எடுத்துத் தந்ததும் அவன், வீடும் அவன் பெயரில். மாப் பிசைகிற மெஷினுக்கு ஒரு கம்பி மூடி உண்டு. மூடியைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். நின்றால் வேலை பிந்தும் என்று, திறந்தபடியே ஓடுவதற்கு மூடியின் சுவிட்சைக் கம்பியால் கட்டிவைத்தவன் ஸ்ரீ. போன மாதம் அந்த மெஷின் கோபாலனின் வலக்கை விரல்களைக் கொண்டுபோயிற்று. கோபாலன் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படிப்பை இடையில் விட்டு, எங்களோடு மாவுக்குள் நின்ற பெடியன். விசாரிக்க ஆள் வருகிறது என்றதும், மூடியைக் கட்டினது கோபாலனே என்று சொல்வதாக வீட்டில் முடிவாயிற்று.

"ஒரு சொல்லுத்தானே, ரட்ணம் அண்ணை" என்றான் ஸ்ரீ. "அவனுக்குத் திரும்பிப் போக ஒரு நாடிருக்கு. எனக்கு வேலை போனா உங்கள் எல்லாருக்கும் போகும். நாங்கள் எங்கை போறது?"

"பொய்ச்சாட்சி சொல்ல எனக்கு ஏலாது, தம்பி."

"ஓமோம், வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமையள் டபிள் ஷிப்ட் செய்யேக்க உங்கட யேசு ஒண்டும் கேக்கேல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் சொன்னது உண்மை. லண்டனுக்கு வந்தபின் நான் கோயில் வாசல் மிதிக்கவில்லை.

குழையலுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, விசாரிக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் பேக்கரிக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். என்னிடம் அவ்வளவு இங்கிலீஷ் இல்லை. "ஸ்ரீ" என்றேன். பிறகு இல்லாத கம்பியை இல்லாத மூடியில் இரண்டு கையாலும் முறுக்கிக் காட்டினேன். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். ஸ்ரீ ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "திங்கள் வேலைக்கு வர வேண்டாம். மாசம் முடிய வேற அறை பாருங்கோ" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிறு பின்னேரம், மிஞ்சின குழையலை ஐஸ்கிறீம் பெட்டியில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மோர்டனில் ஒரு வெள்ளைக்காரர் கோயிலை வாடகைக்கு எடுத்துத் தமிழ் ஆராதனை நடத்துகிறார்கள். கடைசி வாங்கில் இருந்தேன். பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். நாற்பது தாண்டி எழுத்துப் படித்தவன் நான். மற்றவர்கள் ஆமென் சொன்ன பிறகும் என் குரல் மட்டும் பாதி வழியில் தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்தது. நிறுத்திவிடலாம் என்று நிமிர்ந்தேன். கிறிஸ்துநாயகம் போதகர் புத்தகத்தை மூடாமல் காத்துக்கொண்டு நின்றார். வாசித்து முடித்தேன். திருவிருந்துக்குப் போய் முழங்காலில் நின்று கையை நீட்டினபோது நகத்தடியில் மஞ்சள் தெரிந்தது. கூசிப்போய்க் கையை மடக்கப் பார்த்தேன். அதற்குள் அப்பத்தை வைத்துவிட்டார்.

அங்கிருந்து நேரே, கோபாலன் தனியே எடுத்திருந்த அறைக்குப் போனேன். திரைச்சீலை மூடியபடி, கட்டிலில் இருந்தான்.

"என்னா அண்ணே, குழையலா? வீட்ல யாரும் சாப்பிடலையா?"

"இல்லை."

"அப்ப மிச்சத்துக்குத்தான் என் நெனப்பு வந்துச்சா" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "சொல்லிட்டீங்களா?"

"ஓம்."

சோறு குளிர்ந்து இறுகியிருந்தது. கை கழுவிக்கொண்டு வந்து, உடைத்துப் பிசைந்து, ஒரு உருண்டை பிடித்து நீட்டினேன். பழக்கத்தில் வலக்கையை, கட்டுப் போட்டதை, நீட்டினான். பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டான்.

"ஸ்பூன் இருக்கு அண்ணே."

நான் உருண்டையைப் பிடித்தபடியே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய இடக்கை, உள்ளங்கை மேலே தெரிய, மெதுவாக வந்தது.