முதல் கண்ணாடியா, இரண்டாவதா?

1

இந்தக் கதை எனக்குக் கண்ணாடிக் கடையில் கிடைத்தது. கண் பரிசோதிக்கும் அம்மாள் என் மூக்கின்மேல் கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, இல்ல இதுலயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் மனம் கோணக்கூடாதே என்று "ரெண்டாவது" என்றேன். வெளியே வந்ததும் ஒரு யோசனை: இவருக்குப் பதினேழு வயதில் ஒரு மகள் இருந்தால், என்ன படிக்கப் போகிறாய் என்பதையும் இப்படித்தான் கேட்பாரோ?

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு

(வேண்டாம். கதைக்குக் கதை மழை பெய்து ஊரே ஊறிவிட்டது.)

மகளுக்கு எந்தப் படிப்பு என்று நாளைக்குள் கல்லூரிக்குச் சொல்லியாக வேண்டும். அப்பா "அவ இஷ்டம்" என்று நழுவிவிட்டார். மகளோ எதைக் கேட்டாலும் "தெரியல" என்பாள். அதற்குமேல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அம்மா அவளைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினாள். (நிஜத்தில் 'அவர்'. கதைக்குள் வந்ததும் உரிமையாக 'அவள்' ஆகிவிட்டார்.)

"கணக்கா, சட்டமா?"

"சட்டம்."

"சட்டமா, நர்சிங்கா?"

"நர்சிங்."

"நர்சிங்கா, கண் மருத்துவமா?"

"கண் மருத்துவம்."

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. எனக்கும்தான். இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம்.

3

ஆனால் அம்மா தொழில் தெரிந்தவள். அலுத்துப்போனவர்கள் எப்போதும் இரண்டாவதையே சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.*

"என்னடி, ரெண்டாவதையே சொல்லிட்டு வர்றே? விளையாடுறியா?"

"இல்லம்மா. உனக்குப் பிடிச்சதை நீ ரெண்டாவதாத்தான் சொல்றே. அப்போ உன் குரல் கொஞ்சுது. எப்பவும் அப்படித்தான்."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. சிவப்புச் சட்டையா நீலச் சட்டையா என்று கேட்ட காலத்திலிருந்தே இவள் என் குரலைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறாளா? அப்படியென்றால் இவளுக்கு என்னதான் பிடிக்கும்? பெற்றவளுக்கே தெரியவில்லையே.

*இது உண்மையா என்று எந்தக் கண் மருத்துவரிடமும் நான் விசாரிக்கவில்லை. நான் அப்படித்தான் சொன்னேன்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மகள் கண் மருத்துவராகிறாள்: அம்மா ஜெயிக்கிறாள். சண்டை போட்டுக்கொண்டு ஓவியம் படிக்கப் போகிறாள்: நான் ஜெயிக்கிறேன், என் பழைய ஆசை அது. பத்து வருடம் கழித்து அவள்

(அடித்துவிட்டேன். நானும் இரண்டாவதாகச் சொல்லிக் கொஞ்சுகிற ஆள்தான்.)

5

அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்போ நீ கேள்வி கேளு. நான் வாயே திறக்க மாட்டேன். உன் குரலை மட்டும் கேக்குறேன்."

மகள் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"கப்பல் கட்டுறதா... கண் மருத்துவமா?"

எந்த இடத்தில் அவள் குரல் குழைந்தது? காகிதத்தில் குரல் விழாது, எனக்குத் தெரியாது. வேண்டுமானால் நீங்களே அந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஏதோ ஒன்றில் குழையும். அது உங்கள் குரல்.

மகளுடையதை அம்மா கேட்டுவிட்டாள். எது என்று என்னிடம் சொல்ல மறுக்கிறாள்.