முன் சக்கரம்

"நாலு பேரு வெளிய நிக்கறாங்க அண்ணி. வண்டிய ஒரே தூக்கா தூக்கி வெளிய வச்சிடலாம்" என்றான் கணவரின் தம்பி.

"தூக்கக் கூடாது." அவள் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். "தூக்க விடுவாரா உங்க அண்ணன்? உருண்டுதான் வெளிய போகணும். அந்தச் சக்கரத்த இப்படிக் குடு."

கூடத்தில் பாதியை மோட்டார் சைக்கிள் அடைத்துக்கொண்டு நின்றது. எஞ்சினுக்கு அடியில் முக்காலி முட்டுக் கொடுத்திருக்க, முன்பக்கக் குழாய்கள் இரண்டும் சக்கரமில்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. முந்தாநாள் சாயங்காலம் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று எழுந்து போனவர்தான். இன்று காலை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. அவரைக் கிடத்த இந்தக் கூடத்தை விட்டால் வீட்டில் வேறு இடம் கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தியே வாங்கிய வண்டி. ஒரு மெக்கானிக்கை அதன் கிட்டே அண்டவிட்டதில்லை. மழையில் துருப்பிடிக்கும் என்று கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர், பிறகு அதை வெளியேற்றுகிற பேச்சையே எடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஹேண்டில்பாரில் இடிக்காமல் ஒதுங்கித்தான் நாற்காலிக்குப் போக வேண்டும். "உங்க வீட்டுல மூணு பேருன்னு சொல்லு" என்று அக்கம்பக்கத்தில் கிண்டல்.

கழற்றுவதும் மாட்டுவதும் அவர். டார்ச் பிடிப்பது அவள். பட்டப்பகலிலும் அந்த மூலைக்கு வெளிச்சம் வராது. கொஞ்சம் அசந்தால் போதும், "எங்க காட்டற? சுவத்துக்கா பெயிண்ட் அடிக்கிறேன்? இங்க காட்டு!" என்று விழும். அவளும் விட மாட்டாள். "கழட்டற ஜோருல பாதிகூட மாட்டறதுல காணோமே" என்பாள். முட்டி வலிக்கும், கைக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், அடுப்பில் ஏதாவது தீயும். இருந்தும் அவளுக்கு அது ஒரு நாளும் அலுத்ததில்லை. அதை அவரிடம் சொன்னதும் இல்லை. இப்போது ஒரே ஒரு தடவை அவர் திட்டினால் போதும் என்றிருந்தது.

"தம்பி, டார்ச்சப் பிடி."

அவன் ஆபீசில் உட்கார்ந்தே பழகியவன். கழற்றிய சாமான்களைப் போட்டுவைத்திருந்த பழைய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். "இந்தக் குட்டிக் குழாய் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். வழவழன்னு இருக்கற முனை உள்ள போகணும்."

சக்கரத்தை இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஏற்றினாள். பிரேக் தட்டின் பள்ளம் குழாயிலுள்ள முளையில் சரியாக உட்காரும்வரை அசைத்துக்கொடுத்தாள். அச்சு சிக்கிக்கொள்ளாமல் உள்ளே போயிற்று.

"இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டீங்க?" அவன் வாயைப் பிளந்தான்.

"கத்துக்கல. சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்."

உண்மையில் அவள் வண்டியைப் பார்த்ததே இல்லை. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் எங்கே அழுத்தும், எந்த இடத்தில் நின்று மூச்சு விடுவார், எதற்கு நாக்கைக் கடித்துக்கொள்வார் என்பதெல்லாம் தெரியும். அதை நினைத்துக்கொண்டால் நட்டும் வாஷரும் தாமாகவே தங்கள் இடத்துக்குப் போயின. போகப் போக அவர் பக்கத்திலேயே குந்தியிருப்பது போல இருந்தது.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வந்தாச்சும்மா. முடிஞ்சுதா?"

முடிந்துவிட்டது. நட்டு இறுகிவிட்டது. அவள் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். தடங்கலில்லாமல் சுழன்று, மெல்ல நின்றது. இனி முக்காலியை உருவினால் வண்டி நகரும். வண்டி நகர்ந்தால் கூடம் காலியாகும். கூடம் காலியானால் அவரைக் கொண்டுவந்து படுக்கவைப்பார்கள். இந்த நிமிஷம்வரை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனவர். அதற்குப் பிறகு செத்துப்போனவர்.

அவள் மறுபடி ஸ்பேனரை எடுத்தாள். நட்டில் மாட்டி, இறுக்கியதை மெல்லத் தளர்த்தத் தொடங்கினாள்.

"அண்ணி..."

"கொஞ்சம் சாஞ்சாப்புல இருக்கு."

அவன் சக்கரத்தைப் பார்த்தான். ஒரு சாய்வும் இல்லை. அவளைப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்றான். சொல்லிவிட்டுத் தரையில் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்து, டார்ச்சை அவள் கைக்கு நேராகப் பிடித்தான்.

வெளியே ஆம்புலன்ஸ்காரர் எஞ்சினை அணைத்தார்.