தூக்கும் நேரம்

தேவன் மாலையைச் சவப்பெட்டியின் மேல் சாத்திவிட்டுத் திரும்பியபோது லோகேஸ்வரி வழியை மறித்து நின்றாள். அப்பாவின் உயிர் விடியற்காலையில்தான் போயிருந்தது. அழ வேண்டிய மகள் எதற்கு எழுந்து நிற்கிறாள் என்று சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அண்ணே, என் மனுவக் குடுத்துட்டீங்களா?"

தேவன் அந்தச் செம்பனைத் தோட்டத்தின் தொழிற்சங்கச் செயலாளர். கல்யாணமானாலும் சாவானாலும் அவர் குறிக்கும் நேரத்தில்தான் எதுவும் நடக்கும். இன்றைக்கும் வந்தவுடனே, நாலு மணிக்குத் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார். லோரி ஓட்டும் அவள் தம்பி திவாகரன் ஜொகூரிலிருந்து வந்துசேர அவ்வளவு நேரம் வேண்டும்.

"இந்த நேரத்துல ஏம்மா அதெல்லாம்? அப்பா காரியம் முடியட்டும்லா."

"இன்னைக்குத்தான் கடைசி நாளு. நீங்கதானே சொன்னீங்க."

"மேனேஜர்கிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"குடுத்தீங்களா, குடுக்கலையா?"

அவர் அவளைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். பதில் கிடைத்துவிட்டது.

தோட்டத்தில் அவளைக் கையுறையும் முகமூடியும் தராமல் களைமருந்து அடிக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது தப்பு என்று ஷா ஆலத்தில் இருக்கும் தொழில் உறவு அலுவலகத்தில் கெடுவுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று அப்பாதான் சொன்னார். அப்பா செல்லன் வாழ்நாளெல்லாம் சங்கத்துக்குச் சந்தா கட்டிய மனிதர். வெளியே போய் முறையிடுவது சொந்த வீட்டைக் காட்டிக்கொடுப்பது என்பார். அவர் பேச்சைக் கேட்டு அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். இப்போது அழுகையை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. தேவன் மேல் பாதி, பெட்டிக்குள் கிடந்தவர் மேல் பாதி.

வாசலில் நின்ற கைருன்னிசா அவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துத் தோழி, இப்போது சுங்கை ஆயர் தாவாரில் கணவரோடு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள்.

"அவர எதுக்குக் கெஞ்சிக்கிட்டு நிக்கிற லோகா? நீயே குடுக்கலாம்."

"சங்கம் இல்லாமலா?"

"பேக்டரியில என்னைய நிறுத்துனப்ப எனக்கு ஏது சங்கம்? நானேதான் போயி எழுதிக் குடுத்தேன். ஓபிஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். காடி வெளிய நிக்குது, வா."

இவ்வளவுதானா, இத்தனை நாளில் நானே போயிருக்கலாமே என்று லோகேஸ்வரி நினைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

தேவன் குறுக்கே வந்தார். "பொணம் கெடக்குற வீட்ட வுட்டுட்டு மக வெளிய போறதா? நீ வாய்க்கரிசி போடாம எப்படித் தூக்குறது? செல்லண்ணன் மானத்த வாங்காதம்மா."

அந்தக் கடைசி வார்த்தையில் கால் நின்றுவிட்டது. போனால் அப்பாவுக்கு அவள் கையால் அரிசி இல்லை. போகாவிட்டால் வேலையைத் திரும்பக் கேட்க இனி வழியே இல்லை. பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மா கங்கா எழுந்து வந்தாள்.

"தம்பி, நேத்து சாயங்காலம் அவரு ஒங்களுக்குப் போன் மேல போன் அடிச்சாரே, ஏன் எடுக்கல?"

"மீட்டிங்ல இருந்தேன்க்கா."

"எடுத்திருந்தா சொல்லியிருப்பாரு. இனிமே தேவன நம்பிப் பிரயோசனமில்ல, காலையில நானே புள்ளையக் கூட்டிக்கிட்டு ஷா ஆலம் போறேன்னு சட்டைய அயன் பண்ணி வைக்கச் சொன்னாரு. அதத்தான் போட்டு வுட்டிருக்கேன்."

லோகேஸ்வரி அப்போதுதான் அப்பாவின் சட்டையைச் சரியாகப் பார்த்தாள். கையில் அயன் மடிப்பு அப்படியே இருந்தது. கங்கா அவளை அழ விடவில்லை.

"நீ கெளம்பு. ஒன் கையால அரிசி விழாம அவரத் தூக்க வுடமாட்டேன்."

"இருட்டுறதுக்குள்ள அடக்கம் பண்ணணும்க்கா."

"அவளக் காத்திருக்கச் சொன்னீங்க, காத்திருந்தா. இப்ப நீங்க காத்திருங்க."

ஷா ஆலத்திலிருந்து திரும்பி வரும்போது செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் கைருன்னிசாவின் கார் நகர மறுத்தது. திவாகரன் போன் அடித்தான். "எங்கக்கா இருக்க? வெளிச்சம் போவுது." கைருன்னிசா இடம் கிடைத்தபோதெல்லாம் முந்தினாள். லோகேஸ்வரி வெளியே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் யாரும் போயிருக்கவில்லை. தேவன் பிளாஸ்டிக் நாற்காலியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் குழாயடியில் கால் கழுவிவிட்டு உள்ளே போனாள்.

"குடுத்துட்டியா?" என்றாள் கங்கா.

"குடுத்துட்டேம்மா. முத்திர குத்தி வாங்கிக்கிட்டாங்க."

கங்கா பெட்டியின் இடப்பக்கம் போய்க் குனிந்தாள். அப்பாவுக்கு வலது காது மந்தம். எதைச் சொன்னாலும் இடது காதுப் பக்கம் போய்க் கொஞ்சம் உரக்கத்தான் சொல்வாள். இப்போதும் அப்படியே சொன்னாள்.

"குடுத்துட்டாளாம்."

பிறகு நகர்ந்து மகளுக்கு இடம் விட்டாள்.