‘பார்’ மூடிய ஆபீஸ்

ரேடியோ என்கிற பெண் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின நாள், மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து ஒரு சொல்லுக்குத் தடை போட்டார். ‘பார்’ என்ற சொல். வரப்போகிற பெண்ணுக்குக் கண் தெரியாது. அவள் காதுபட யாரும் பார், பார்த்தேன், பார்க்கலாம் என்று உளறி மனத்தைப் புண்படுத்திவிடக் கூடாதாம். மனிதர் நல்லவர்தான். நல்லவர்கள் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால்தான் வம்பு.

அந்தச் சொல்லைத் தொடாமல் தமிழில் கொஞ்ச நேரம் பேசிக் காட்டுங்கள், உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு போடுகிறேன். வேலை பார்க்கிறோம், ஆள் பார்க்கிறோம், ருசி பார்க்கிறோம், செய்து பார்க்கிறோம், முடியாவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறோம். அதிலும் அது பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்து தரும் கம்பெனியின் புகார்ப் பிரிவு. போனை எடுத்தால் “பார்க்கிறோம் சார்” என்பதைத் தவிர அங்கே வேறு பதிலே கிடையாது. ஆபீஸே தொண்டை அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

ரேடியோ என்பது வீட்டில் அண்ணன் வைத்த பெயர். வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்பதால். ஆபீஸில் அவள் ‘மேடம்’. வயதில் சின்னவளும் சம்பளத்தில் கடைசியும் அவள்தான், ஆனாலும் மேடம். மற்றவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் உண்டு. பேச்சிலேயே ஆளை வெட்டிப் போடுகிறவன் கோடாலி, மதியமானால் சொக்கி விழுகிறவள் தூங்குமூஞ்சி. மேனேஜருக்கும் ஒன்று உண்டு, அதை அச்சில் போட முடியாது.

“நேத்து சீரியல் பார்த்தீங்களா? அந்த மாமியார் செத்தே போயிட்டா!” என்று சேர்ந்த புதிதில் ரேடியோ ஆசையாகக் கேட்டாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

“இல்லீங்க மேடம்… நாங்க… கேக்கலை” என்றாள் தூங்குமூஞ்சி.

அன்று மாலை அவளே மனசு கேட்காமல் தடை விஷயத்தைப் போட்டு உடைத்தாள். ரேடியோ வயிறு வலிக்கச் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அண்ணனிடம் அதைச் சொன்னபோது ஏனோ சிரிப்பு வரவில்லை.

தடை சொல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் மேஜையில் ஒரு போன் இருந்தது. அது அடிக்காது. திட்டுகிறவர்களின் அழைப்பு அவளுக்குப் போகவே கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. புகார்ப் பிரிவுக்குக் கொஞ்சுவதற்கா போன் செய்வார்கள்? காலையில் வந்து உட்காருவாள், போனைத் தடவிக் கொடுப்பாள், மாலையில் கிளம்புவாள்.

“சும்மா உக்கார வெச்சுச் சம்பளம் தராங்க. கசக்குதா உனக்கு?” என்றான் அண்ணன்.

“கசக்குது. பூச்செடிகூட அப்பப்ப ஒரு பூ பூக்குது. நான் என்னத்தப் பூக்கறேன் அங்க? வேலையை விடப் போறேன்.”

“இந்த வாரம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.”

வாரம் முடிவதற்குள்ளேயே அது நடந்தது. ரேடியோ எழுந்தபோது கை பட்டு, அவள் மேஜை ஓரத்தில் இருந்த டம்ளர் சாய்ந்தது. சுடச்சுட டீ, அப்படியே கோடாலியின் மடியில்.

“ஐயோ! கண்ணு தெரியலையா உனக்கு?”

தூங்குமூஞ்சிகூட விழித்துக்கொண்டாள்.

“தெரியலை! எனக்குக் கண்ணு தெரியலை, உனக்கு மூளை இல்லையா? என் மேஜையில எதுக்குய்யா உன் டம்ளர்?”

“என் மேஜையில இடமில்லை!”

“அப்ப தலையில வெச்சுக்க!”

“வெந்து போச்சும்மா எனக்கு!”

“நல்லா வேகட்டும்!”

சண்டை ஜோராக நடந்தது. அவன் ‘நீ’ என்கிறான், ‘உனக்கு’ என்கிறான். ரேடியோவுக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குள் மேனேஜர் ஓடி வந்துவிட்டார். கோடாலியின் சீட்டைக் கிழித்து இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவதாகக் குதித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். பின்னாலேயே சுவரைத் தொட்டுக்கொண்டு ரேடியோவும் போனாள்.

“சார், டம்ளரை அங்க வெச்சது தப்பு. அதுக்கு நான் திட்டியாச்சு, கணக்கு முடிஞ்சுது. அவரை அனுப்பினா நானும் கிளம்பறேன்.”

“உனக்காகத்தானேம்மா இவ்வளவும் செய்யறேன். உன்மேல பாவம் பார்த்து…” மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அதேதான் சார். எல்லாப் பாரையும் மூடினீங்க, அது ஒண்ணை மட்டும் திறந்து வெச்சிட்டீங்க. அதை மூடுங்க, மத்ததைத் திறங்க. என் போனுக்கு லைன் குடுங்க.”

“கண்டபடி திட்டுவாங்கம்மா.”

“எங்க வீட்ல என்ன, தாலாட்டா பாடறாங்க?”

கோடாலி தப்பித்தான், லைன் வந்தது. மதியம் முழுக்க ரேடியோ போனை விடவில்லை. கேட்டதையெல்லாம் தட்டுவதைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரில் தட்டித் தள்ளினாள். ஆர்வக்கோளாறில் இரண்டு விலாசங்களை இடம் மாற்றியும் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை மேனேஜர் அவள் மேஜைமுன் வந்து நின்றார்.

“உனக்கு அறிவிருக்கா? பிரிட்ஜ் ரிப்பேருன்னு சொன்ன வீட்டுக்கு வாஷிங் மெஷின்காரனை அனுப்பியிருக்க. எதுக்கு, ஐஸ்கட்டியைத் துவைச்சுக் காயப்போடவா? அந்தம்மா என்னைப் போட்டுக் காய்ச்சி எடுக்குது! பார்த்து வேலை பார்க்கத் தெரியாது?”

ஆபீஸே குலுங்கிச் சிரித்தது.

எல்லோரையும் போலத் திட்டு வாங்கினால் இனிக்கும் என்றுதான் ரேடியோ இத்தனை நாள் நினைத்திருந்தாள். சுத்தப் பொய். எரிந்தது. பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

“அழுது முடிச்சாச்சா? லைன்ல ஆள் நிக்குது.” கோடாலி.

“ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்ல மாட்டியா நீ?”

“நான் வாங்காத திட்டா? அழுதப்ப எனக்கு யாரு வந்து சொன்னா? வா வெளிய, வேலை கெடக்கு.”

ரேடியோ மூக்கைச் சிந்திவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தாள். மறுமுனையில் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே கத்தத் தொடங்கினார்.

“கத்தாதீங்க சார்” என்றாள் ரேடியோ. “எனக்கும் இப்பதான் செம திட்டு விழுந்திருக்கு. என்ன ரிப்பேருன்னு சொல்லுங்க.”