இடம் மாற்றி ஒட்டிய சிரிப்பு

1

ஸ்பெல்லிங் போட்டிக்குப் போகும் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. வயிறு எரிந்தது. பக்கம் பக்கமாக நான் முட்டி மோதியும் வராததை ஒரு பிள்ளையின் உதட்டு நடுக்கம் சட்டென்று சொல்லிவிடுகிறதே! அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கதை.

2

"மேடையில் ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையில் விரலால்..."

(வேண்டாம். எல்லாரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். வேறொரு ஆவணப்படத்தை நானே கற்பனை செய்து, அதை வெட்டி ஒட்டும் எடிட்டரிடம் போகிறேன்.)

ஜன்னல் இல்லாத அறை. திரையில் எடிட்டரின் அக்கா மகள் கோப்பையோடு நிற்கிறாள். எடிட்டரின் மகள் அதே போட்டியில் அரையிறுதியோடு வெளியேறியவள். "உங்க வீட்டுப் பிள்ளைங்கதானே, பாத்துப் பாத்துப் பண்ணுவீங்க" என்று டைரக்டர் வேலையை இவளிடமே கொடுத்துவிட்டார்.

"உம் பொண்ணை இன்னும் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்டி" என்று அக்கா சொன்னது இவள் நெஞ்சில் ஒரு...

(உவமை எதுவும் வரவில்லை. நேராகவே சொல்கிறேன். இவளுக்குப் பொறாமை. பற்றி எரிகிற பொறாமை.)

3

திரையில் எடிட்டரின் மகள் எழுத்துகளைத் தப்பாகச் சொல்கிறாள். தப்பென்று மணி அடிக்கிறது. அந்த நேரம் அக்கா மகள் பக்கம் கேமரா திரும்பவே இல்லை. ஆனால் இடைவேளையில் அவள் ஏதோ ஜோக்குக்குச் சிரித்தது இருந்தது. எடிட்டர் அந்தச் சிரிப்பை வெட்டி, மணிச் சத்தத்துக்கு அடுத்து ஒட்டினாள்.* ஓட்டிப் பார்த்தாள். தங்கமான பிள்ளை நெஞ்சழுத்தக்காரி ஆகிவிட்டது. எடிட்டருக்குக் குளுகுளுவென்று இருந்தது.

* கைதட்டலையும் கொட்டாவியையும் இடம் மாற்றி ஒட்டுவது இந்தத் தொழிலில் சகஜம். இதற்கு மட்டும் இவள் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

4

பள்ளி விட்டு வந்த மகள் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து திரையைப் பார்த்தாள்.

"இவ அப்போ சிரிக்கலையேம்மா."

"பின்ன?"

"அழுதா. கீழ இறங்கினதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா."

எடிட்டரின் கை மவுஸுக்குப் போனது.

"பாவம், எடுத்துடும்மா" என்றாள் மகள்.

(இப்படித்தான் முதலில் எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லவில்லை.)

"அப்படியே இருக்கட்டும்மா" என்றாள்.

5

நாளை அக்கா தன் மகளையும் கூட்டிக்கொண்டு படம் பார்க்க வருகிறாள். அந்தச் சிரிப்பை எடுப்பதா விடுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள்.