ஐந்து அசைச் சொல்

மகேஸ்வரி அக்காவுக்கு ஆபரேஷன் நடந்து எண்பத்தேழு நாள் ஆகியிருந்தது. வயிற்றில் கட்டி, எடுத்தாயிற்று என்று அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அக்காவின் கணவர் லாரியோடு நாக்பூர் போயிருந்ததால் கையெழுத்துப் போட்டதும் அம்மாதான்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள்.

"அழுத்தம் எந்த அசையில விழுதுன்னு பிடிங்க. அப்புறம் வார்த்தைய வெட்டுங்க. துண்டு துண்டா அர்த்தம் இருக்கும்" என்பார் ரோஸ்மேரி மிஸ். டான்சில் - எக்டமி. எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. முன்னால் நிற்பது உறுப்பு.

அன்று மிஸ் போர்டில் எழுதிப்போட்ட சொல்லுக்கு ஐந்து அசை, நடுவில் அழுத்தம். அசைக்கு ஒரு தட்டு என்று எண்ணச் சொன்னதும் பக்கத்தில் இருந்த முகேஷ்குமார் மேசையில் ஏழு தட்டினான்.

"என்னப்பா, கல்யாண மேளமா?" என்றார் மிஸ். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. அக்காவின் டிஸ்சார்ஜ் சீட்டில் அதே சொல் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"ரத்தம் நிக்கல. எடுக்காட்டி உசுரு போயிரும்னாரு டாக்டரு."

"அக்காட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அவ மாமியா மறுநாளே மகனுக்கு வேற பொண்ணு தேடுவா. நீ வாயத் தொறக்காத."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எப்போதுமே எளிது.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரிலிருந்து அக்கா வந்தாள், ஜிலேபிப் பொட்டலத்தோடு.

"ஆபரேஷனால ஒரு மாசம் தீட்டு வராதுன்னு நீதானம்மா சொன்ன? நான் அங்க போயே ரெண்டு மாசமாச்சு, இன்னும் வரல. எங்க அத்தை குடத்தத் தொட விடல, தெரியுமா? ஆறு வருசமா மலடின்னு வஞ்ச வாயி, இப்ப தாயின்னு கூப்புடுது!"

"நல்லதுதான்" என்று அம்மா ஜிலேபியைப் பிய்த்து அக்காவுக்கு ஊட்டினாள்.

"ஏ ஊமச்சி, சித்தியாகப் போற. ஒரு வார்த்த பேசுதா பாரு!" என்று அக்கா என் தலையில் குட்டினாள். "சாயங்காலம் டாக்டரம்மாட்ட போறோம்."

"இன்னைக்கு வேணாம், நாள் நல்லால்ல" என்றாள் அம்மா.

"அத்தை பஸ் ஏறிட்டாங்கம்மா. அவங்களும் உள்ள வந்து கேக்கணுமாம்."

அம்மா என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினாள்.

"அக்கா, போகாத."

"ஏன்டி?"

"அன்னைக்கு எடுத்தது கட்டி இல்ல. உன் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க."